கேக் வேண்டாம் என்று சொல்லவில்லை

டிசம்பரில் பிள்ளைகள் இல்லங்களுக்குப் பரிசோடு வருகிற வாலிபர் சங்கங்களுக்கும் கேரல் குழுக்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமாரே, தங்கச்சிமாரே,

தூத்துக்குடிப் பக்கத்தில், பெண் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற ஒரு சின்ன இல்லத்தில் வார்டனாக இருக்கிறேன். நீங்கள் வேன் பிடித்து வந்து கேட்டைத் தட்டும்போது சாவிக்கொத்தோடு ஓடி வருவது நான்தான். பெயர் எதற்கு? நீங்கள் கூப்பிடுகிற மாதிரி அக்கா என்றே வைத்துக்கொள்ளுங்கள். நவம்பர் பிறந்துவிட்டது. இன்னும் இரண்டொரு வாரத்தில் உங்கள் சங்கக் கூட்டத்தில், "இந்த வருஷம் எந்த ஹோமுக்குப் போகலாம்?" என்ற பேச்சு வரும். அது முடிவாகி, கேக்குக்கு ஆர்டர் கொடுத்து, வேனுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிட்டால் உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது திட்டுகிற கடிதம் இல்லை. கொடுக்கிறவர்களைக் குத்திக்காட்டுவது இப்போது ரொம்பச் சுலபமாகிவிட்டது. வீட்டில் உட்கார்ந்துகொண்டு, "எல்லாம் ஸ்டேட்டஸ் போடத்தான்" என்று சொல்லிவிட்டால் கையிலிருந்து ஒரு ரூபாயும் போகாது, நல்லவர் என்ற பெயரும் மிஞ்சும். நான் அந்தக் கட்சி இல்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி வேலை முடிந்து வந்து, விடிய விடியப் பரிசுப் பொட்டலம் கட்டிவிட்டு, சனிக்கிழமை காலையில் கண் சிவக்க வந்து நிற்கிற உங்களை எனக்குத் தெரியும். பிள்ளைகள் சிரிக்கும்போது உங்கள் முகம் மலர்வதையும் பார்த்திருக்கிறேன். அந்தச் சந்தோஷத்துக்காகத்தான் வருகிறீர்கள் என்றால் அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

வள்ளுவரே அதைத் தப்பென்று நினைக்கவில்லை. திருக்குறளின் 23ஆம் அதிகாரம் ஈகை. கொடுப்பது கடமை என்பதோடு அவர் நின்றுவிடவில்லை. சேர்த்து வைத்துவிட்டுப் பிறகு தொலைக்கிற கல்நெஞ்சக்காரர்கள், கொடுப்பதில் இருக்கிற சந்தோஷத்தை அறியவே மாட்டார்களா என்று 228ஆம் குறளில் கேட்கிறார். இரண்டு குறள் தள்ளி இன்னொன்று சொல்கிறார். சாவைப் போலத் துன்பமானது வேறில்லை, ஆனால் இல்லாதவருக்கு ஒன்று கொடுக்க முடியாத நிலை வந்துவிட்டால் அந்தச் சாவே தேவலை என்கிறார். நம் சாயர்புரத்தில் பள்ளிக்கூடம் நடத்திய ஜி. யு. போப் ஐயர்தான் பிற்காலத்தில் குறளை ஆங்கிலத்தில் பெயர்த்து 1886இல் வெளியிட்டார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த 230ஆம் குறளைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வருவது அதைச் சுற்றித்தான்.

இப்போது எங்கள் டிசம்பரைச் சொல்கிறேன். 10ஆம் தேதி தாண்டிவிட்டால் கேட்டுக்கு ஓய்வு கிடையாது. சனிக்கிழமை காலையில் ஒரு கம்பெனி ஊழியர்கள், மதியம் ஒரு கல்லூரி, சாயங்காலம் ஒரு சபை. ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு இரண்டு சபை வேன்கள் ஒரே நேரத்தில் வந்து, இரண்டு கிறிஸ்துமஸ் தாத்தாக்கள் வாசலில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றதும் உண்டு. சாப்பாட்டு மேசையில் கேக் டப்பா அடுக்கடுக்காக இருக்கும். மதியம் பிரியாணி தின்ற வயிற்றுக்கு ராத்திரியும் பிரியாணி. வேண்டாம் என்றால் கொண்டுவந்தவர் மனசு புண்படும் என்று பிள்ளைகளும் தின்னும். மறுநாள் பாதிப் பேருக்கு வயிற்றுப்போக்கு. உப்புச் சர்க்கரைக் கரைசலோடு கட்டில் கட்டிலாக நான் நடந்துகொண்டிருப்பேன். அரையாண்டுத் தேர்வும் அந்த நாட்களில்தான் என்பது, நேற்றுவரை பள்ளிக்கூடம் போன உங்களுக்கே ஏனோ மறந்துபோகிறது. கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம் உங்கள் ஸ்கிட்டைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருக்கிற பத்தாம் வகுப்புப் பிள்ளையின் கண்ணைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். அது கடிகாரத்தின் மேல் இருக்கும்.

இதே இல்லத்துக்கு ஜூலையில் வாருங்கள். பள்ளி திறந்து பிள்ளைகள் எல்லாம் திரும்பிவிட்டிருப்பார்கள். அரிசி மூட்டை இறங்கிய வேகத்தில் காலியாகும். எங்கள் சமையல்கார அம்மா பருப்பு டப்பாவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு என் அறைப்பக்கம் வருவார். ஒன்றும் பேசமாட்டார், சும்மா வந்து நிற்பார். அப்போது கேட்டைத் தட்ட யாரும் இல்லை. பொதுத்தேர்வு சமயத்தில் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து படிக்கிற பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு டம்ளர் பால் காய்ச்சிக் கொடுக்க என்ன செலவாகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் கேக் செலவில் அதை எத்தனை நாள் ஓட்டலாம் என்று தெரியும். அதற்காகக் கேக் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு கேக் போதும். பிள்ளைகளுக்கும் கிறிஸ்துமஸ் கிறிஸ்துமஸ்தானே.

போட்டோ விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடுகிறேன், ஏனென்றால் இதில் பேச்சுவார்த்தைக்கு இடமில்லை. இப்படிப்பட்ட இல்லத்தில் இருக்கிற பிள்ளையின் பெயர், முகம், படிக்கிற பள்ளி என்று அடையாளம் காட்டுகிற எதையும் வெளியிடக் கூடாது என்கிறது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 74ஆம் பிரிவு. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டத்தை விடுங்கள். கையில் பரிசுப் பையோடு நிற்கிற பிள்ளையின் படம் உங்கள் போனிலிருந்து யார் யாருக்கோ போய், கடைசியில் அவள் வகுப்பிலேயே ஒருத்தியின் கையில் வந்து நிற்கும். திங்கட்கிழமை இடைவேளையில், "ஏ, நீ ஹோம் பிள்ளையா?" என்று ஒரு கேள்வி வரும். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று பாயைவிட்டு எழுந்திருக்காத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். நினைவுக்குப் படம் வேண்டுமா? வேன் முன்னால் நீங்கள் எல்லோரும் வரிசையாக நின்று எடுத்துக்கொள்ளுங்கள், நானே எடுத்துத் தருகிறேன்.

நிகழ்ச்சி முடிவில் உங்களில் ஒருவர் ஜெபிப்பார். தாய் தகப்பன் இல்லாத இந்தப் பிள்ளைகளுக்கு நீரே தாயும் தகப்பனும் என்று உருக்கமாகப் போகும் ஜெபம். பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டுதான் இருப்பார்கள், ஆனால் காது திறந்திருக்கும். எங்கள் பிள்ளைகளில் பாதிக்கு மேல் அம்மா உள்ளவர்கள். சிலருக்கு அப்பாவும் உண்டு, குடியில் கிடக்கிறார் அல்லது எங்கே போனார் என்று தெரியவில்லை. பிள்ளையைக் கொண்டுவந்து விட்டிருக்கிற அம்மா கையாலாகாதவள் இல்லை. மூன்று வேளை சோறும் பள்ளிக்கூடமும் ராத்திரிக்குப் பத்திரமான கதவும் வேண்டும் என்று கணக்குப் போட்டு, நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு விட்டுப் போனவள். மாதம் ஒரு ஞாயிறு பஸ் ஏறி வந்து, மகள் தலையில் பேன் பார்த்துவிட்டுப் போகிறவள். அவள் உயிரோடிருக்கும்போதே அவளை இல்லை என்று நாம் ஆக்கிவிட வேண்டாம்.

அந்த அம்மாக்களில் பலர் உப்பளத்து வேலைக்காரர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தூத்துக்குடி என்றால் உப்பு என்று பெருமையாகச் சொல்கிற நமக்கே அந்த உப்பின் நாள்கணக்கு தெரிவதில்லை. தை, மாசி வாக்கில் பாத்தியைச் சரிபண்ணித் தண்ணீர் கட்டுவார்கள். வெயில் ஏற ஏற உப்பு விளையும். வாரிக் குவித்துச் சுமப்பதில் புரட்டாசி வரைக்கும் கூலி ஓடும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை விழுந்ததோ இல்லையோ, பாத்தியெல்லாம் மழைத் தண்ணீர். வேலை நின்றுவிடும். திரும்ப அளத்தில் கால் வைக்கத் தை பிறக்க வேண்டும். நடுவில் உள்ள மாதங்களுக்கு, அடுத்த வருஷக் கூலியை ஈடாகச் சொல்லி முன்பணமோ கடனோ வாங்கித்தான் அடுப்பு எரியும். இந்த நிலைமையைப் பார்த்துத்தான் 2022இல் தமிழ்நாடு அரசு, வேலையில்லாத மழைக்காலத்துக்கு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் என்று கொடுக்கத் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்றுக்கும் சேர்த்து 5,000.

ஆக, கிறிஸ்துமஸ் இந்த ஊரில் எப்போது வருகிறது பாருங்கள். கூலி நின்று மூன்றாவது மாதம் வருகிறது. ஊரே துணிக்கடையில் நிற்கிற அந்த வாரத்தில்தான் அந்த அம்மாவின் கையில் பஸ் காசும் இருக்காது. அரையாண்டு விடுமுறைக்குப் பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிப் போகலாம், குழந்தைகள் நலக் குழு அனுமதி கொடுக்கும். ஆனால் கூட்டிப் போய் என்ன ஆக்கிப் போடுவது என்று தயங்கி, "இங்கேயே இருக்கட்டுமேக்கா, இங்கேன்னா கேக்கு, கறி எல்லாம் கிடைக்கும்லா" என்று போனில் சொல்லுவாள். நாம் கொண்டுவந்து குவித்த கேக்குதான், அம்மாவையும் மகளையும் பண்டிகை நாளில் பிரித்து வைக்கிறது. யார் பேரிலும் தப்பில்லை, கணக்கு அப்படி விழுந்துவிட்டது.

சில வருஷங்களுக்கு முன் ஒரு சேகரத்து வாலிபர் சங்கம் வித்தியாசமாக ஒன்று செய்தது. நவம்பரிலேயே போன் பண்ணி, பிள்ளைகளுக்கு என்ன வேண்டும் என்று அவர்களையே சீட்டில் எழுதித் தரச் சொன்னார்கள். சீட்டுகள் வந்தன. கலர் பென்சில், ஹேர்பேண்ட், ஒரு நீலக் குடை, "வார்டன் அக்காவுக்குத் தெரியாமல் மாங்காய் ஊறுகாய்" என்று ஒன்று. ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் சீட்டில் செருப்பு என்று மட்டும் எழுதியிருந்தது. சீட்டை நாலாக மடித்து, உள்ளே ஒரு ஈர்க்குச்சித் துண்டு.

"இது என்ன பிள்ள?" என்று கேட்டேன்.

"கால் அளவுக்கா."

ஈர்க்கை அவள் பாதத்தோடு வைத்துப் பார்த்தேன். குதிகாலுக்கு அப்பால் மூன்று விரற்கடை நீட்டிக்கொண்டிருந்தது.

"எங்க அம்மா காலுக்கா. போன தடவை வந்தப்போ தூங்கிட்டு இருந்தாங்கள்லா, அப்போ அளந்தேன்."

உப்பளத்தில் நிற்கிற கால்களை நீங்கள் பக்கத்தில் பார்த்திருக்கிறீர்களா? உப்புத் தண்ணீரில் ஊறி ஊறிப் பாதத்தின் ஓரமெல்லாம் வெடித்திருக்கும். விரல் இடுக்கில் புண் ஆறவே ஆறாது. அந்தக் காலைத்தான் அவள் ஈர்க்கால் அளந்து, ஒடித்து, நோட்டுக்குள் வைத்துக் காத்திருக்கிறாள்.

அந்தத் தம்பிகள் ஈர்க்கைக் கடைக்கு எடுத்துப் போய், வெடிப்புக்கு இதமாக உள்ளே மெத்தென்று இருக்கிற ஒரு ஜோடி வாங்கி வந்தார்கள். பொட்டலத்தை அவளிடமே கொடுத்துவிட்டு வேறு ஒன்றும் சொல்லாமல் போனார்கள். அவர்களுடைய அந்த நாகரிகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. விடுமுறை விட்ட அன்று அம்மா வந்தாள். மகள் பொட்டலத்தை நீட்டினாள். அம்மா பிரித்துப் பார்த்துவிட்டு, "காசு ஏது உனக்கு?" என்று முதலில் ஒரு அதட்டுப் போட்டாள். பிறகு உட்கார்ந்து காலில் மாட்டிப் பார்த்தாள். சரியாக இருந்தது. உடனே கழற்றி, துடைத்து, முந்தானையில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மழைச் சகதியில் வெறுங்காலோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். கூடவே போன மகளின் நடையைப் பார்க்க வேண்டுமே! சம்பளம் வாங்கி வந்த பெரிய மனுஷியின் நடை.

அந்தப் பிள்ளை வருஷா வருஷம் பரிசு வாங்கியதையும் பார்த்திருக்கிறேன். வரிசையில் வருவாள், இரண்டு கையாலும் வாங்குவாள், நான் சொல்லிக் கொடுத்தபடி "தேங்க்யூ அண்ணா" என்பாள், போய் உட்காருவாள். முகத்தில் ஒன்றும் இருக்காது. கொடுத்தபோதுதான் அந்த முகத்தில் வெளிச்சத்தைப் பார்த்தேன். வள்ளுவர் சாவைவிடக் கொடிது என்றாரே, அந்த நிலையிலிருந்து ஒரு சாயங்காலத்துக்கு அவள் வெளியே வந்திருந்தாள்.

நான் உங்களிடம் கேட்பது இதைத்தான். கொடுக்கிற சந்தோஷம் இவ்வளவு பெரிது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அப்படியானால் அதை நீங்களே வைத்துக்கொள்ளாமல் எங்கள் பிள்ளைகளுக்கும் கொஞ்சம் கொடுங்கள்.

இல்லாதவர்களால் என்ன கொடுக்க முடியும் என்று யாராவது கேட்டால், 2023 டிசம்பரை ஞாபகப்படுத்துங்கள். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது நம் மாவட்டத்தில் கொட்டிய மழை உங்களுக்கு மறக்காது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை உடைத்து ஏரலையும் ஸ்ரீவைகுண்டத்தையும் மூழ்கடித்தது. 17ஆம் தேதி ராத்திரி திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், தண்டவாளத்துக்கு அடியில் மண் அரித்துப் போனதால் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. உள்ளே சுமார் 800 பயணிகள், சுற்றிலும் வெள்ளம். ஹெலிகாப்டரும் மீட்புப் படையும் வந்து சேர்வதற்குள் அவர்களுக்குச் சோறு போட்டது பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள். தங்கள் வீட்டுக்குள்ளும் வயலுக்குள்ளும் தண்ணீர் நிற்கும்போதே, இருந்த அரிசியைச் சேர்த்து, ஊர்க் கோயிலில் வைத்து ஆக்கி, இடுப்பளவு தண்ணீரில் சுமந்து கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அவர்களே நிவாரணம் வாங்க வேண்டியவர்கள். அந்த இரண்டு நாளும் அவர்கள் அப்படி நினைக்கவில்லை.

கிறிஸ்துமஸ் வாரத்தில்தான், 2004இல், இதற்கு நேர்மாறான காட்சியும் இந்தக் கடற்கரையில் நடந்தது. டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, சுனாமி. அதற்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் போனவர்கள் சாலையோரத்தில் பழைய துணி மலைமலையாகக் கிடந்து மழையில் நனைந்ததைப் பார்த்திருப்பார்கள். தேசம் முழுவதிலுமிருந்து லாரி லாரியாக வந்தவை. எல்லாவற்றையும் இழந்த மீனவர்கள் அதைத் தொடவில்லை. முந்தின நாள்வரை கடலில் இறங்கிச் சம்பாதித்துப் புதுசு வாங்கி உடுத்தியவர்கள், அடுத்தவர் உடுத்திக் கழித்ததை ஏன் தொடப் போகிறார்கள்? கொடுத்தவர்களுக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. பீரோவைத் திறந்தார்கள், எதிர்ப்பக்கம் நிற்கிற ஆள் யார் என்று கேட்கவில்லை.

நம் சபைகளுக்கு இதையெல்லாம் நான் புதிதாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. உங்கள் பாட்டிமார் உலையில் அரிசி போடும்முன் ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அது பிடி அரிசிக் காணிக்கையாகக் கோயிலுக்குப் போகும். மிசோரம் பிரஸ்பிட்டேரியன் சபையிலும் 1910இலிருந்து இதே வழக்கம் இன்றுவரை நடக்கிறது. இதில் அழகு என்னவென்றால், கஞ்சி காய்ச்சுகிற வீட்டிலும் ஒரு பிடி உண்டு. நீ ஏழை, உனக்கு விலக்கு என்று யாரும் அவளைத் தள்ளி நிறுத்தவில்லை. தேவாலயத்தில் இரண்டு காசு போட்ட விதவையையும் யாரும் தடுக்கவில்லை, அவளைத்தான் ஆண்டவர் சீஷர்களுக்குக் காட்டினார். நாம்தான் இப்போது, "ஐயோ பாவம், உங்களுக்கே இல்லை" என்று அன்பாகத் தடுத்துவிடுகிறோம். பிரதிஷ்டைப் பண்டிகை அசனத்தையும் நினைத்துப் பாருங்கள். வசதியுள்ளவர் ஆடு கொடுப்பார், இன்னொருவர் அரிசி மூட்டை கொடுப்பார், ஒன்றும் இல்லாதவர் முந்தின நாள் ராத்திரியே வந்து விறகு பிளப்பார், வெங்காயம் உரிப்பார். பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரர் என்ன கொடுத்தார் என்று யாருக்கும் தெரியாது. சாப்பிட்டு எழுந்து கை கழுவுகிறபோது எல்லோர் கையிலும் ஒரே குழம்பு மணம்.

கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு முகமூடி போட்டுவிடுகிறீர்களே, அதுவும் நல்ல வழக்கம்தான். அந்தத் தாத்தாவின் மூலக்கதை மீரா நகரத்துப் பேராயர் நிக்கோலஸினுடையது. அந்த ஊர் இப்போது துருக்கியில் இருக்கிறது. சீர் கொடுக்க வழியில்லாமல் தவித்த ஒரு தகப்பனின் மூன்று மகள்களுக்காக, ராத்திரியில் ஜன்னல் வழியாகப் பொற்காசுப் பையை எறிந்துவிட்டுப் போனார் என்பார்கள். முகம் காட்டாததால் அந்தத் தகப்பன் மறுநாள் தெருவில் யாரைப் பார்த்தும் கூச வேண்டியிருக்கவில்லை. எங்களிடம் வருகிற தாத்தா முகமூடி போட்டிருப்பார், கூட வருகிற கமிட்டி முழுக்கப் பேனர் பிடித்திருக்கும். பேனரில் தாத்தாவின் பெயரும் பெரிதாக அச்சாகியிருக்கும்!

சரி, கேட்பதைக் கேட்டுவிடுகிறேன். வருவதற்கு முன் போன் செய்யுங்கள். பரீட்சை முடிந்து வாருங்கள், அல்லது ஜனவரியில் வாருங்கள். சபைக்கு ஒரு மாதம் என்று நீங்களே பேசிப் பிரித்துக்கொண்டால் எங்களுக்கு ஜூலையும் ஒரு பண்டிகைதான். டிசம்பரில்தான் கொடுக்க ஆசை என்றால், வீட்டுக்குப் போகிற பிள்ளைகளின் கையில் கொடுத்து அனுப்ப ஏதாவது வாங்கித் தாருங்கள். ஒரு வாரத்துக்கு அரிசி, பருப்பு, எண்ணெய், அம்மாவுக்கு ஒரு சேலை, தம்பிக்கு ஒரு சட்டை, அம்மாவுக்கும் மகளுக்கும் போக வர பஸ் காசு. பை மேல் உங்கள் சங்கத்தின் பெயர் வேண்டாம். அவள் வீட்டு வாசலில் அதை அவளே கொண்டுவந்ததாக இருக்கட்டும். இல்லத்துக்கு வந்து கொடுப்பதைவிட வீட்டுக்குப் போய்ப் பார்க்க விரும்புகிறவர்கள் கத்தோலிக்கப் பங்குகளில் உள்ள வின்சென்ட் தே பவுல் சபைக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். 1833இல் பாரிஸில் ஓசானாம் என்ற இருபது வயது மாணவரும் நண்பர்களும் தொடங்கியது அது. வீடு தேடிப் போய், உட்கார்ந்து பேசி, பிறகு கொடுப்பது அவர்கள் வழக்கம். உங்களைவிட அவருக்கு வயது அதிகமில்லை என்பதற்காகத்தான் சொன்னேன்.

இன்னொன்று. 18 வயது முடிந்து எங்களைவிட்டுப் போகிற பெண்கள். சட்டத்தில் 21 வரை பிற்காப்பு உதவிக்கு வழி இருக்கிறது, ஆனால் எல்லோருக்கும் அது கைக்கு எட்டிவிடுவதில்லை. மில்லிலோ கடையிலோ வேலைக்குச் சேர்ந்து, நாலு பேராக ஒரு அறையில் தங்கியிருப்பார்கள். அவர்களுக்குக் குக்கரும் பாயும் வாங்கிக் கொடுக்கலாம், அறைக்கு அட்வான்ஸ் கட்டலாம். அதைவிட முக்கியமாக, 25ஆம் தேதி மத்தியானம் அவர்களுக்குப் போக இடம் இருக்காது. கூட இருக்கிறவர்கள் ஊருக்குப் போயிருப்பார்கள், மெஸ் பூட்டியிருக்கும். உங்கள் வீட்டில் ஒரு இலை கூடப் போட முடியுமா? அவள் வெறுங்கையோடு வரமாட்டாள். அரைக் கிலோ ஆரஞ்சோ, உங்கள் அம்மாவுக்கு நாலு முழம் பூவோ வாங்கி வருவாள். எதுக்கும்மா இதெல்லாம் என்று சொல்லித் தொலைக்காதீர்கள். வாங்கி, உங்கள் அம்மா தலையில் வைத்துக்கொள்ளட்டும்.

கடைசியாக, இந்த வருஷம் பிள்ளைகள் ஒரு தீர்மானம் போட்டிருக்கிறார்கள். வருகிற கேரல் குழுக்களுக்கு அவர்கள் கையால் முந்திரிக்கொத்து செய்து கொடுக்கப் போகிறார்களாம். பாசிப்பயறு வறுத்துத் திரிக்கப் பெரிய பிள்ளைகள் இருக்கிறார்கள், பாகு பதம் சமையல்கார அம்மா பொறுப்பு, உருண்டை பிடிக்க நான் நீ என்று இப்போதே சண்டை. எத்தனை பேர் வருகிறீர்கள் என்று முன்கூட்டிச் சொன்னால் தலைக்கு நான்கு வீதம் பொட்டலம் கட்டி வைப்போம். வரும் வழியில் ஓட்டலில் சாப்பிட்டு வயிற்றை நிரப்பிக்கொண்டு வராதீர்கள். பொட்டலத்தை வாங்கி, "பிள்ளைகளுக்கே வையுங்கள் அக்கா" என்று மேசையிலேயே விட்டுவிட்டுப் போகிற பழக்கமும் வேண்டாம். அங்கேயே பிரித்துத் தின்னுங்கள், உருண்டை கல் மாதிரி இருந்தால் இருக்கிறது என்று சொல்லுங்கள், அடுத்த வருஷம் சரி பண்ணுவார்கள். வேன் டிரைவர் அண்ணனுக்கும் தனியாக ஒரு பொட்டலம் உண்டு, அவரை வெளியிலேயே உட்கார வைத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
சாவிக்கொத்து அக்கா

பி.கு.: அரையாண்டுத் தேர்வு முடிகிற தேதி தெரிந்ததும் எல்லாச் சங்கச் செயலாளர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். அதுவரை ஸ்கிட்டை உங்கள் சபையிலேயே ஒத்திகை பாருங்கள்.